சமையற்கலைப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையலைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உணவகச் சமையற்கூடத்தில் பல ஆண்டுகள் நின்றுவிட்டுப் பிறகு கற்பிக்க வந்தவன் என்பதால், சில பதில்களில் என் சொந்தச் சாய்வு தெரியும். அதை நான் மறைக்கவில்லை.

சமையற்கலைஞர் ஆவதற்குப் பள்ளியில் படித்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் தாமஸ் கெல்லர் எந்தச் சமையற்கலைப் பள்ளியிலும் படித்தவர் அல்லர். ஸ்பெயினின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் ஃபெரான் அட்ரியா 1980-இல் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலையில் நுழைந்தவர். பிரிட்டனின் சமையற்கலைஞர் ஹெஸ்டன் புளூமென்தால் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டவர். அதே நேரத்தில் அமெரிக்கச் சமையற்கலைஞர்களான அந்தோனி போர்டேன், கிராண்ட் ஆகெட்ஸ் ஆகிய இருவரும் கலினரி இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெரிக்கா என்னும் சமையற்கலைப் பள்ளியில் படித்து முடித்துத் தொழிலுக்கு வந்தவர்கள். இரு வழியிலும் ஆட்கள் மேலே வந்திருக்கிறார்கள்.

அப்படியானால் பள்ளி எதற்கு? உணவகத்தில் வேலைக்குச் சேர்பவர் அந்த உணவகம் எதைச் சமைக்கிறதோ அதை மட்டுமே கற்கிறார். இரண்டு ஆண்டுகள் கிரில் அடுப்பில் நின்றவருக்கு மாவு பிசையத் தெரியாமலே போகலாம். பள்ளியோ தொழிலின் எல்லா மூலைகளையும் ஓரளவு வரிசையாகக் காட்டிவிடுகிறது. அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. உணவகத்தில் நீங்கள் கெடுக்கும் ஒரு சட்டி சாஸ் முதலாளிக்கு நட்டம். பள்ளியில் அதே சட்டி உங்களுக்குப் பாடம். கட்டணமாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, கெடுத்துப் பழகுவதற்கான பொருளையும் நேரத்தையும் வாங்குவதற்கே என்று நான் கருதுகிறேன். கீழே வரும் பதில்களில் பலவும் இந்த அளவுகோலைக் கொண்டே சொல்லப்படுகின்றன.

சேர்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம், ஏதேனும் ஒரு வணிகச் சமையற்கூடத்தில் வேலை செய்துவிட்டு வாருங்கள். காய் நறுக்குவதோ பாத்திரம் கழுவுவதோ, எந்த வேலையானாலும் பரவாயில்லை. வீட்டில் பத்துப் பேருக்கு விருந்து சமைத்துப் பாராட்டுப் பெறுவதும், பத்து மணி நேரம் நின்றபடியே ஒரே உணவை எண்பது முறை ஒரே பதத்தில் எடுத்து வைப்பதும் வேறு வேறு வேலைகள். எல்லோரும் ஓய்வெடுக்கும் மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும்தான் இந்தத் தொழிலில் வேலை அதிகம். கால்வலியும் தீக்காயமும் நெருக்கடி நேரக் கூச்சலும் பழகிப்போன பிறகும் மறுநாள் காலையில் சமையற்கூடத்துக்குப் போக மனம் விழைந்தால், நீங்கள் பணம் கட்டலாம். விழையவில்லையென்றால் பெரிய தொகை மிச்சம்.

படிப்புகளில் என்னென்ன வகைகள் இருக்கின்றன?

பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் வகைகள் நான்குதான். முதலாவது, சில வாரங்கள் முதல் ஓராண்டு வரை நீளும் சான்றிதழ் அல்லது டிப்ளமா படிப்பு. 1895-இல் பாரிஸில் தொடங்கிய லெ கார்டான் ப்ளூவின் புகழ்பெற்ற டிப்ளமா இவ்வகை. சமையலும் பேஸ்ட்ரியும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் முடிந்துவிடும். இரண்டாவது, மூன்று அல்லது நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரில் 2011-இல் திறக்கப்பட்ட பாஸ்க் கலினரி சென்டரில் சமையலோடு உணவு அறிவியலும் நிர்வாகமும் நான்கு ஆண்டுகளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. மூன்றாவது, வேலையோடு சேர்ந்த தொழிற்பழகுநர் முறை. ஜெர்மனியில் சமையற்காரராக விரும்புபவர் மூன்று ஆண்டுகள் ஓர் உணவகத்தில் ஊதியத்துடன் வேலை பார்த்துக்கொண்டே இடையிடையே தொழிற்பள்ளிக்கும் போய் வருகிறார். கட்டணச் சுமை இல்லாத இந்த முறை உங்கள் நாட்டில் இருக்குமானால், மற்றவற்றைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

நான்காவது ஹோட்டல் நிர்வாகப் படிப்பு. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 1893-இல் தொடங்கிய சுவிட்சர்லாந்தின் லோசான் பள்ளி முதல் இன்றுவரை, ஹோட்டல் பள்ளிகளின் நோக்கம் ஹோட்டலை நடத்துபவரை உருவாக்குவது. அங்கே சமையல் பல பாடங்களில் ஒன்று; வரவேற்பு, அறைப் பராமரிப்பு, கணக்கு, விற்பனை ஆகியவையும் அதே அளவு இடம் பிடிக்கும். அடுப்படிதான் வேண்டும் என்பவர் இந்தப் படிப்பில் சேர்ந்தால் பாதி நேரம் வேறு எங்கோ இருப்பார்.

புகழ்பெற்ற பள்ளியின் பெயர் எவ்வளவு முக்கியம்?

முதல் நேர்காணல் வரை முக்கியம். அதற்குப் பிறகு வெங்காயத்தையும் கத்தியையும் கையில் கொடுத்துவிடுவார்கள்.

பெயரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர் ஒருவருடையதாகவும் பள்ளியை நடத்துபவர் வேறொருவராகவும் இருப்பது இத்துறையில் சாதாரணம். அமெரிக்காவில் லெ கார்டான் ப்ளூவின் பெயரை உரிமம் பெற்றுப் பயன்படுத்திய ஒரு தனியார் கல்வி நிறுவனம், அந்தப் பெயரில் நடத்திய 16 கல்லூரிகளையும் மூடப்போவதாக 2015-இல் அறிவித்தது. 2017-க்குள் அவை மூடப்பட்டன. பாரிஸில் உள்ள மூலப் பள்ளி இன்றும் நடக்கிறது. ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்ததும், இந்த வளாகத்தின் உரிமையாளர் யார், எத்தனை ஆண்டுகளாக நடத்துகிறார், இடையில் மூடினால் மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாடத்திட்டத்தைக் கையில் கொடுக்கிறார்கள். அதில் எதைப் பார்ப்பது?

பாடத்தலைப்புகளைப் பார்க்காதீர்கள், அவை எல்லாப் பள்ளியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கத்தி வேலை, ஸ்டாக் (எலும்பையோ மீன்முள்ளையோ காய்ச்சி எடுக்கும் சாறு), மற்றச் சாஸ்களுக்கு அடிப்படையான ஐந்து தாய்ச் சாஸ்கள், இறைச்சி, மீன், காய்கறி, மாவுப் பண்டங்கள், குளிர் சமையல், சுகாதாரம், செலவுக் கணக்கு என்று பட்டியல் போகும். பார்க்க வேண்டியது மணிக்கணக்கை.

ஒரு பள்ளி ஆயிரம் மணி நேரப் படிப்பு என்று விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி வகுப்பறையில் போனால் சமையற்கூடத்துக்கு மிஞ்சுவது 500 மணி நேரம். அதிலும் மூன்றில் ஒரு பங்கு ஆசிரியர் செய்து காட்ட மாணவர்கள் நின்று பார்க்கும் நேரமானால், கைவேலைக்கு 330 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இரண்டு பேருக்கு ஓர் அடுப்பு என்றால் அதுவும் பாதியாகி 165-க்கு வந்து நிற்கும். ஆயிரம் என்று சொல்லி வாங்கிய பணத்துக்கு உங்கள் கை அடுப்பில் இருக்கும் நேரம் அவ்வளவே. வேறொரு பள்ளி 600 மணி நேரம்தான் தருகிறது, ஆனால் 400 மணி நேரம் தலைக்கு ஓர் அடுப்பு என்றால், விளம்பரத்தில் சிறியதாகத் தெரியும் அந்தப் பள்ளியே பெரியது. எனவே ஒரு வகுப்பில் எத்தனை பேர், எத்தனை அடுப்பு, கோழி வெட்டும் வகுப்பில் ஒரு கோழியை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். நான்கு பேருக்கு ஒரு கோழி என்றால் ஒருவர் வெட்டுவார், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்த்து எவருக்கும் கைப்பக்குவம் வந்ததில்லை.

அடுத்து, வகுப்பு ஒரே மூச்சாக எத்தனை மணி நேரம் நடக்கிறது என்பதைக் கால அட்டவணையில் பாருங்கள். மீன் ஸ்டாக் அரை மணி முதல் முக்கால் மணியில் முடிந்துவிடும். கோழி ஸ்டாக்குக்கு மூன்று, நான்கு மணி நேரம் வேண்டும். கன்றெலும்பு ஸ்டாக்குக்கு எட்டு மணி நேரம்கூட ஆகும். ஈஸ்ட் சேர்த்த ரொட்டி மாவு இரண்டு முறை பொங்கி வர வேண்டும். ஒரு பள்ளியில் எல்லாச் செயல்முறை வகுப்புகளும் இரண்டு மணி நேரத்தில் முடிகின்றன என்றால், அங்கே ஸ்டாக் பொடியிலிருந்து வருகிறது அல்லது யாரோ முன்னதாகக் காய்ச்சி வைத்ததை ஊற்றுகிறார்கள் என்று பொருள். பாடத்திட்டத்தில் ஸ்டாக் இருக்கிறது. மாணவரின் கையில் இல்லை. ஏட்டுச்சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இவ்வளவு நேரடியாக மெய்ப்பிக்கும் இடம் வேறு இருக்க முடியாது.

நேரில் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், பார்வையாளர் தினத்தன்று போகாதீர்கள். அன்று மேசை விரிப்பும் சர்க்கரைச் சிற்பமும் இருக்கும். சாதாரண வேலைநாளில், வகுப்பு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது போக அனுமதி கேளுங்கள். சமையற்கூடத்தின் உண்மை முகம் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் தெரியும். அனுமதி மறுத்தால் அதுவே ஒரு பதில்.

உள்ளே போனதும் நறுக்கும் பலகையின் அடியைப் பாருங்கள். பலகை நழுவாதிருக்க ஈரத்துணி போடுவது முதல் நாள் பாடம். முதல் நாள் பாடம் ஆறாம் மாதத்திலும் கடைப்பிடிக்கப்படுகிறதா என்பது அந்த ஒரு துணியில் தெரிந்துவிடும். பிறகு குப்பைத்தொட்டி. உருளைக்கிழங்குத் தோலோடு பாதிக் கிழங்கும் போயிருந்தால் அங்கே எவரும் செலவுக் கணக்கைச் சொல்லித் தரவில்லை. கை கழுவத் தனித்தொட்டி இருக்கிறதா, அதில் சோப்பும் துடைக்கத் தாளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். குளிர்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாத்திரத்திலும் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்க வேண்டும், பச்சை இறைச்சி கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். புகைக்கூண்டின் வடிகட்டியில் எண்ணெய் சொட்டுகிறதா, தீயணைப்பான் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மாணவர்களின் சட்டைப்பையில் வெப்பமானி இருக்கிறதா என்று நான் எப்போதும் பார்ப்பேன். உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும் எல்லை ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரி செல்சியஸ்; கோழியின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும்; சமைத்ததைக் குளிரவைக்கும்போது இரண்டு மணி நேரத்துக்குள் 60-இலிருந்து 21-க்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5-க்கும் இறக்க வேண்டும். சுவரில் இந்த எண்கள் அச்சிட்டு ஒட்டப்பட்டிருப்பது பெரிதல்ல. ஒரு மாணவரை நிறுத்திக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கிறதா என்று. விண்வெளி வீரர்களின் உணவுக்காக 1960-களில் நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து வகுத்த, உணவு எந்தக் கட்டத்தில் கெடலாம் என்று முன்கூட்டியே கண்டு தடுக்கும் இடர்ப் பகுப்பாய்வு முறைதான் (HACCP) இன்று பல நாடுகளில் உணவுத் தொழிலுக்கு அடிப்படை. அதைத் தனிப் பாடமாக நடத்தித் தேர்வும் வைக்கும் பள்ளிக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

ஆசிரியர்களை எப்படி எடைபோடுவது?

அவர்கள் எங்கே வேலை பார்த்தார்கள், எந்தப் பொறுப்பில், கடைசியாக எந்த ஆண்டில் என்று கேட்பது முதற்படி. பரிசுகளின் பட்டியலைவிட, ஒரு முழுச் சமையற்கூடத்தை நடத்திய அனுபவம் எடை கூடியது. ஆனால் நன்றாகச் சமைப்பவர் எல்லோரும் நன்றாகக் கற்பிப்பவர் அல்லர். இதை நானே தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

ஒரு பள்ளியில் நான் பார்த்த காட்சியைச் சொல்கிறேன். ஒரு மாணவி முட்டை மஞ்சள் கருவில் உருக்கிய வெண்ணெயைச் சேர்த்துச் செய்யும் ஹாலண்டேஸ் சாஸை அடித்துக்கொண்டிருந்தார். வெண்ணெயை அவசரமாக ஊற்றிவிட்டதால் சாஸ் திரிந்து, மஞ்சள் துகள்கள் எண்ணெயில் மிதந்தன. அவர் அதைத் தொட்டியில் கொட்டப் போனார். ஆசிரியர் குரலை உயர்த்தாமல் கிண்ணத்தை வாங்கிச் சூட்டிலிருந்து இறக்கினார். வேறொரு கிண்ணத்தில் ஒரு மஞ்சள் கருவும் ஒரு கரண்டி வெந்நீரும் விட்டு அடிக்கத் தொடங்கி, திரிந்த சாஸைச் சொட்டுச் சொட்டாக அதில் சேர்க்குமாறு மாணவியிடமே கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் சாஸ் சேர்ந்து பளபளத்தது. "இப்போது மறுபடியும் திரிய விடு, நீயே மீட்டு எடு" என்றார். பிறகு தனித்தனிக் கரண்டிகளால் எல்லோருடையதையும் சுவைத்து, உப்புப் போதாதவர்களிடம் உப்புப் போதாது என்று மட்டும் சொன்னார்.

வேறொரு பள்ளியில் அதே தவறுக்கு மாணவர் திட்டு வாங்கினார், கிண்ணம் தொட்டிக்குப் போனது, மதிப்பெண் குறைந்தது. இரண்டு பள்ளியின் கையேட்டிலும் ஹாலண்டேஸ் ஒரே பக்கத்தில்தான் இருந்தது.

"நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு" என்கிறார்களே, நம்பலாமா?

இந்தத் தொழிலில் ஆள் பற்றாக்குறை எப்போதும் இருப்பதால், அந்த வாக்கியம் பொய்யாக இல்லாமலும் பயனற்றதாக இருக்க முடியும். படிக்காமலே கிடைக்கும் உதவியாளர் வேலைக்கு ஒருவரை அனுப்பிவிட்டு அதையும் வேலைவாய்ப்பு என்று கணக்கில் எழுதுவார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் சமையற்கூடத்தில் இருக்கிறார்கள், என்ன பதவியில், என்ன ஊதியத்தில் என்று கேளுங்கள். பள்ளி அறிமுகப்படுத்தும் பழைய மாணவர்களோடு நின்றுவிடாமல், நீங்கள் வேலை செய்ய விரும்பும் உணவகத்துக்கே போய், பின்வாசலில், பகல் நெருக்கடி ஓய்ந்த நேரத்தில் தலைமைச் சமையற்கலைஞரிடம் பேசுங்கள். எந்தப் பள்ளி மாணவர்களை விரும்பி எடுக்கிறார், எந்தப் பள்ளியை மறுக்கிறார் என்பதை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

பயிற்சிக்காலம் எப்படி இருக்க வேண்டும்?

மூன்று மாதத்துக்குக் குறையாமல், ஒரே இடத்தில், பகுதி பகுதியாக மாறி மாறி வேலை பார்க்கும்படி இருக்க வேண்டும். இடத்தைப் பள்ளி ஏற்பாடு செய்கிறதா, ஊதியம் உண்டா, பள்ளியிலிருந்து யாராவது வந்து பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஊதியமில்லாப் பயிற்சி இத்துறையில் நெடுங்காலப் பழக்கம். கோப்பன்ஹேகனின் நோமா போன்ற உலகப் புகழ் பெற்ற உணவகமே 2022-இல்தான் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. ஆறு மாதம் கீரை ஆய்ந்துவிட்டுச் சான்றிதழ் வாங்கிவந்தவர்களை நான் அறிவேன். பள்ளியில் கெடுத்துப் பழகியதை நெருக்கடியில் கெடுக்காமல் செய்ய அவர்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

கல்விக்கடன் வாங்கிப் படிக்கலாமா?

கணக்குப் போட்டுவிட்டு வாங்கலாம். சமையற்கூடத்தில் முதல் சில ஆண்டுகளின் ஊதியம் எந்த நாட்டிலும் தாராளமானது அல்ல. நுழைபவர் எந்தப் பள்ளியிலிருந்து வந்தாலும் பெரும்பாலும் கீழ்ப்படியிலிருந்தே தொடங்குகிறார். எனவே உங்கள் ஊரில் புதிதாகச் சேரும் சமையற்காரரின் மாதச் சம்பளத்தை விசாரித்து, அதில் வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதைக் கடன் தவணையோடு ஒப்பிடுங்கள். முதல் ஆண்டுச் சம்பளம் முழுவதையும் தாண்டிய கடனை வாங்க நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. கட்டணத்தில் கத்திப்பை, சீருடை, காலணி, பாடநூல், மூலப்பொருள் ஆகியவை அடங்குமா என்பதையும் கேளுங்கள். மூலப்பொருளுக்குத் தனியாக வாங்கும் பள்ளிகள் உண்டு.

அங்கீகாரம் தேவையா?

அரசு வேலை, கப்பல் வேலை, மேற்படிப்பு, வெளிநாட்டு விசா ஆகியவற்றில் எதையேனும் எண்ணியிருந்தால் கட்டாயம் தேவை. அங்கீகாரம் அளித்ததாகச் சொல்லப்படும் அமைப்பிடமே நேரடியாகச் சரிபாருங்கள். பள்ளியின் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ் போதாது.

இணையவழியில் சமையல் படிக்க முடியுமா?

செலவுக் கணக்கு, மெனு அமைப்பு, உணவு அறிவியல், சுகாதார விதிகள் ஆகியவற்றை நன்றாகவே படிக்கலாம். கைவேலையை முடியாது. உங்கள் கிண்ணத்தில் விரல் வைத்துப் பார்த்து இன்னும் இரண்டு நிமிடம் பிசை என்று சொல்ல ஆள் வேண்டும்.

இறைச்சி உண்ணாதவர் சேரலாமா?

சேரலாம்; ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் இறைச்சியும் மீனும் கட்டாயப் பாடம் என்பதையும், சமைத்ததைச் சுவைத்துப் பார்ப்பது தேர்வின் பகுதி என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். சில பள்ளிகள் சுவைப்பதிலிருந்து விலக்குத் தருகின்றன, சில மாற்றுப் பாடம் தருகின்றன, சில எதையும் தருவதில்லை. சேர்ந்த பிறகு தகராறு செய்வதைவிடச் சேருமுன் கேட்டு எழுத்தில் வாங்குவது மேல். உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இதே அறிவுரைதான். கடல் உணவு ஒவ்வாமை கடுமையாக இருப்பவர் மருத்துவரையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயது தடையா?

பிரெஞ்சுச் சமையலை அமெரிக்கர்களிடம் கொண்டு சேர்த்த ஜூலியா சைல்டு 1949-இல் பாரிஸில் லெ கார்டான் ப்ளூவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 37. மூட்டும் முதுகும் ஒத்துழைக்கின்றனவா என்பதே உண்மையான கேள்வி. வேலையை விட்டுவிட்டு வருபவர்கள் மாலை நேர வகுப்பில் ஒரு பருவம் படித்துப் பார்த்துவிட்டு முழுநேரத்துக்கு மாறுவது நல்லது.

சேர்ந்த பிறகு தவறான பள்ளி என்று தெரிந்தால்?

முதல் சில வாரங்களிலேயே முடிவெடுங்கள். பல பள்ளிகளில் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்குக் காலவரம்பு உண்டு. அது கடந்தபின் ஒரு பகுதிகூடத் திரும்பாது. சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்தத் தேதியைத் தேடி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்தத் தேதிவரை ஒவ்வொரு நாளும் உங்கள் கை அடுப்பில் இருந்த மணி நேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி, சேருமுன் அவர்கள் சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். விலக நேர்ந்தால், முடித்த பாடங்களுக்கான மதிப்பெண் பட்டியலை வாங்காமல் வெளியேறாதீர்கள். வேறு பள்ளி அவற்றை ஏற்றுக்கொள்ளக்கூடும்.